இரண்டாவது நாற்காலியில் ஒரு தமிழ் வாத்தியார்

தமிழ்நாட்டு அரசியலில் முதல் நாற்காலிக்காக நடந்த சண்டைகளை எழுத உட்கார்ந்தால் பேனா மை தீர்ந்துவிடும். எனக்கு ஆசை வேறு மாதிரி. அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டிருந்த இரண்டாவது நாற்காலிக்குப் பின்னால் பதுங்கி நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்க்க வேண்டும். அதில் உட்கார்ந்திருந்தவர் பேராசிரியர் க. அன்பழகன். 1977-ல் தி.மு.க.வின் பொதுச்செயலாளர் ஆனார். 2020 மார்ச் 7 அன்று, 97 வயதில் கண்மூடும்வரை அந்தப் பதவியில் இருந்தார். நாற்பத்து மூன்று ஆண்டுகள்! ஒரே கட்சி, ஒரே பதவி. கட்சிகள் உடைந்தன, கூட்டணிகள் மாறின, ஆட்சிகள் கலைந்தன. அந்த நாற்காலி மட்டும் அங்குலம் நகரவில்லை.

கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் கோட்டைக்குள் எப்படிப் போனார், போன பிறகும் வாத்தியாராகவே எப்படி இருந்தார் என்பதுதான் கதை. வாருங்கள், திரையை விலக்குவோம். சத்தம் போடாமல்!

முதல் காட்சி, அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1940-களின் தொடக்கம். விடுதி அறைகளில் அன்றைக்குப் பரபரப்பான வேலை என்ன தெரியுமா? பெயர் மாற்றுவது. வடமொழிப் பெயர்களைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தமிழ்ப் பெயர் சூட்டிக்கொள்வது. திருவாரூருக்குப் பக்கத்தில் காட்டூரில் 1922 டிசம்பர் 19-ல் பிறந்த இராமையா என்ற பையன் அன்பழகன் ஆனார். உடன் படித்த நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். நெடுஞ்செழியனின் தம்பி சீனிவாசன் செழியன் ஆனார். வீட்டில் திட்டு விழுந்திருக்கும் என்று நினைப்பீர்கள். காட்டூர்க்காரர் வீட்டில் நடந்தது தலைகீழ். அப்பா கல்யாணசுந்தரமும் தம் பெயரை மணவழகன் என்று மாற்றிக்கொண்டார். பிள்ளை கொள்கைக்குப் போனான், அப்பா பின்னாலேயே வந்துவிட்டார்!

அன்பழகன், நெடுஞ்செழியன் ஆகிய இந்த இருவரையும் மறந்துவிடாதீர்கள். இந்தக் கதையின் உண்மையான ருசி இவர்களிடம்தான் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வருகிறேன்.

அதற்கு முன் திருவாரூருக்கு ஒரு தாவல். 1942. பள்ளி மாணவர்களைக் கூட்டி மன்றம் நடத்திக்கொண்டிருந்த பதினெட்டு வயதுப் பையன் ஒருவன், பல்கலைக்கழகத்தில் படிக்கிற அன்பழகனைப் பேச அழைக்கிறான். அழைத்தவர் மு. கருணாநிதி. வந்தவருக்கு ஒன்றரை வயது கூடுதல். வந்தவர் பின்னாளில் தமிழில் எம்.ஏ., அழைத்தவர் பள்ளி இறுதித் தேர்வையே தாண்டாதவர். அன்றைக்கு மேடையில் யார் பெரியவர், யார் சின்னவர் என்று கேட்டால் ஊரே ஒரே பதிலைச் சொல்லியிருக்கும். அடுத்த முக்கால் நூற்றாண்டில் அந்தப் பதில் எப்படிப் புரண்டு படுத்தது பாருங்கள்!

இப்போது சென்னை. பூந்தமல்லி நெடுஞ்சாலை, சேத்துப்பட்டு, பச்சையப்பன் கல்லூரி. 1944-ல் விரிவுரையாளராக உள்ளே நுழைந்தவர் 1957 வரை அங்கே தமிழ் கற்பித்தார். அந்தத் தமிழ்த் துறை ஆசிரியர் அறையை நினைத்தாலே எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஏனென்றால் அதே துறையில் அதே ஆண்டுகளில் பாடம் நடத்திக்கொண்டிருந்த இன்னொருவர் மு. வரதராசன். ஆம், நம் மு.வ.! ஒரு நாற்காலியில் திருக்குறளுக்கு எளிய உரை எழுதிய மனிதர், சில அடி தள்ளி இன்னொரு நாற்காலியில் சட்டமன்றத்துக்குப் போகப்போகிற மனிதர். ஒருவர் பிறகு மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனார். மற்றவர் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிய கல்வி அமைச்சர் ஆனார். அந்தக் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் ஊரெல்லாம் பேசிக் கூட்டம் கூட்டிக்கொண்டிருந்தார். அவர் பெயர் சி.என். அண்ணாதுரை.

1949-ல் தி.மு.க. பிறந்தபோது அன்பழகன் வேலையை விடவில்லை. பகலில் வகுப்பு, மாலையில் பொதுக்கூட்டம். இன்றைய கல்லூரி நிர்வாகம் ஒன்றில் யாராவது இப்படிச் செய்தால் அடுத்த நாளே விளக்கக் கடிதம் கேட்பார்கள் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்துப் பச்சையப்பன் கொஞ்சம் பெரிய மனது படைத்த இடம் போலும். எட்டு ஆண்டுகள் இப்படி இரட்டைச் சவாரி ஓடியது. அந்த எட்டு ஆண்டுகளில் அவர் ஒரு பாணியைக் கண்டுபிடித்தார் என்பது என் கணக்கு. அன்றைய கழக மேடை என்றால் அடுக்குமொழி, எதுகை மோனை, கைதட்டலுக்கு இடம் விட்டு நிற்கிற நிறுத்தம். இவர் மேடை வேறு. ஒரு கருத்தை எடுப்பார், அதன் வரலாற்றைச் சொல்வார், எதிர்த் தரப்பு என்ன கேட்கும் என்று தாமே கேட்டுக்கொள்வார், பிறகு பதில். கைதட்டல் தாமதமாகத்தான் வரும். புரிந்தவர்கள் முதலில் தலையாட்டுவார்கள். வகுப்பில் நடத்திய அதே பாடத்தைத்தான் மைக்கில் நடத்தினார்.

தனிநாடு கேட்ட கட்சி தேர்தலில் நிற்கலாமா? 1956 மே மாதம் திருச்சி மாநாட்டில் இந்தக் கேள்விக்குத் தலைவர்கள் அறைக்குள் உட்கார்ந்து முடிவு எடுக்கவில்லை. வந்தவர்களிடமே வாக்குக் கேட்டார்கள். நிற்கலாம் என்போருக்குச் சிவப்புப் பெட்டி, வேண்டாம் என்போருக்குக் கறுப்புப் பெட்டி. கட்சிக் கொடியின் இரண்டு நிறங்களையும் பெட்டியாக்கி வைத்த அந்தக் குறும்பை நான் ரசிக்கிறேன். எண்ணிப் பார்த்தால் சிவப்பில் 56,942, கறுப்பில் 4,203. அவ்வளவுதான், வாத்தியார் வேலைக்கு நாள் குறித்தாயிற்று.

1957-ல் கல்லூரியை விட்டுவிட்டு எழும்பூர்த் தொகுதியில் நின்றார். வென்றார். வயது 34. தி.மு.க.வுக்குக் கிடைத்தது மொத்தம் 15 இடம்தான். அந்தப் பதினைந்து பேரில் காஞ்சிபுரத்திலிருந்து அண்ணா, குளித்தலையிலிருந்து கருணாநிதி, எழும்பூரிலிருந்து நம்மவர்.

இங்கே ஒரு ரகசியக் கதவைத் திறக்கிறேன். 1952 முதல் சட்டமன்றம் கூடிக்கொண்டிருந்த இடம் கோட்டை இல்லை. அரசினர் தோட்டத்தில், இன்று கலைவாணர் அரங்கம் இருக்கும் பக்கத்தில், தனிக் கட்டடம். 1957 தேர்தல் முடிந்த கையோடு சட்டமன்றம் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் குடிபெயர்ந்தது. அதாவது சட்டமன்றம் கோட்டைக்குள் போன அதே ஆண்டில் அன்பழகனும் உள்ளே போனார். இருவரும் ஒன்றாகக் கிரகப்பிரவேசம்! இந்தத் தற்செயலுக்கு ஒரு வால் உண்டு, 53 ஆண்டு கழித்து முளைக்கும். பொறுங்கள். இடையில் 1959 ஏப்ரலில் சட்டமன்றம் சில நாள் ஊட்டியில், அரண்மூர் அரண்மனையில் கூடியது. சென்னை வெயிலிலிருந்து தப்பித்துக் குளிரில் உட்கார்ந்து ஜனநாயகம் வளர்த்த அந்த நாள்களை ஏன் தொடராமல் விட்டார்கள் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

நடுப்பகுதியை வேகமாக ஓட்டுகிறேன். 1962-ல் மேலவை. 1967-ல் திருச்செங்கோட்டிலிருந்து மக்களவை. 1971-ல் புரசைவாக்கத்தில் வென்று அமைச்சர். மக்கள் நல்வாழ்வுத் துறை அவர் கையில் இருந்தது. 1976 ஜனவரி கடைசி நாளில் ஆட்சி கலைப்பு. மறுபடி புரசைவாக்கம், பிறகு பூங்கா நகர், அண்ணா நகர், துறைமுகம் என்று சென்னை வரைபடத்தையே ஒரு சுற்று சுற்றினார். 1983-ல் இலங்கையில் தமிழர்கள் மீது நடந்த கொடுமையைக் கண்டித்து அவரும் கருணாநிதியும் சட்டமன்றப் பதவியைத் தாங்களே தூக்கி எறிந்தார்கள். 1986-ல் இந்தித் திணிப்பை எதிர்த்து அரசியல் சட்டத்தின் ஆட்சிமொழிப் பகுதியை எரித்ததற்காக, பேரவைத் தலைவர் பி.எச். பாண்டியன் காலத்தில் பதவி பறிக்கப்பட்டது. ஒரு முறை தாமே விட்டது, ஒரு முறை பிடுங்கப்பட்டது. தமிழ் எம்.ஏ. படித்தவருக்கு அரசியல் சட்டப் பாடம் இப்படித்தான் நடந்தது.

சரி, நெடுஞ்செழியனுக்கு வருவோம். இதைச் சொல்லத்தான் கை பரபரக்கிறது.

அண்ணாமலையில் ஒன்றாகப் படித்து, ஒன்றாகப் பெயர் மாற்றிக்கொண்ட இரண்டு பேரும் வாழ்நாள் முழுக்க இரண்டாவது நாற்காலிக்காரர்கள். நெடுஞ்செழியன் அண்ணா அமைச்சரவையில் இரண்டாமவர். 1969 பிப்ரவரியில் அண்ணா மறைந்ததும் ஒரு வாரம் இடைக்கால முதல்வர். நிரந்தரமாவார் என்று பலர் நினைத்த நேரத்தில் கருணாநிதி முதல்வர். மனக்கசப்போடு சிறிது காலம் அமைச்சரவைக்கு வெளியே இருந்தார், பிறகு உள்ளே வந்தார். 1977-ல் கட்சியை விட்டார், மக்கள் தி.மு.க. என்று ஒன்றைத் தொடங்கினார், எம்.ஜி.ஆரிடம் போனார், அங்கும் இரண்டாமவர். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்ததும் மறுபடி இடைக்கால முதல்வர்! சில நாள்தான். ஜெயலலிதாவோடு முரண்பட்டு விலகியபோது ‘உதிர்ந்த ரோமம்’ என்று சொல்லடி வாங்கினார். அப்படியும் 1991-ல் அதே ஜெயலலிதாவின் அமைச்சரவையில் நிதி அமைச்சர். எத்தனை தலைவர்கள், எத்தனை வீடுகள்! ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு வேண்டிய திருப்பம் அத்தனையும் இருக்கிறது, யாரும் எடுக்கவில்லையே என்பதுதான் ஆச்சரியம்.

1977-ல் நெடுஞ்செழியன் எழுந்து போனாரே, அவர் விட்டுப் போன இடம் எது? பொதுச்செயலாளர் நாற்காலி. அதில் வந்து உட்கார்ந்தவர் அவருடைய வகுப்புத் தோழர். அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை. ஒருவர் முதல் நாற்காலிக்கு இரண்டு முறை மிக அருகில் போய்த் திரும்பியவர். மற்றவர் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பியதாகத் தெரியவில்லை. இருவரில் யார் கெட்டிக்காரர்? எனக்குச் சந்தேகமே இல்லை. ஆசையை வகுப்பறைக்கு வெளியே செருப்போடு விட்டுவிட்டு வந்தவர்தான்.

ஆனால் அவரை வெறும் தலையாட்டி என்று நினைத்துவிடாதீர்கள். மேடைகளில் அவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள ஒரு வரிசை வைத்திருந்தார். முதலில் தாம் மனிதன், இரண்டாவது அன்பழகன், மூன்றாவது சுயமரியாதைக்காரன், நான்காவது அண்ணாவின் தம்பி, ஐந்தாவதாகத்தான் கலைஞரின் தோழன். கவனித்தீர்களா? கட்சித் தலைவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே அவருக்கு ஐந்தாவது இடம்! தலைவர் பெயரை முதல் வாக்கியத்தில் சொல்லாவிட்டால் பதவி போய்விடும் என்று நடுங்குகிற அமைச்சர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது விசித்திரமாக இருக்கிறது. கலைஞர் கருணாநிதி அதற்குக் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அதோடு ஐந்தாவது இடத்தில் வைத்த சொல்லும் ‘தோழன்’தான், தொண்டன் இல்லை. தம்மைவிட இளையவரை, தம்மைவிடக் குறைவாகப் படித்தவரைத் தலைவராக ஏற்பதற்கு ஒரு வாத்தியார் கண்டுபிடித்த இலக்கணம் அது. அந்த இலக்கணத்தில் இருவருமே வாழ்ந்தார்கள்.

இப்போது அண்ணா அறிவாலயத்துக்குள் நுழைவோம். தேனாம்பேட்டைக் கட்டடத்தில் தலைவருக்கு ஆரவாரம், பொதுச்செயலாளருக்குப் பேனா. தி.மு.க.வில் ஒருவரைச் சேர்ப்பதும் நீக்குவதும் பொதுச்செயலாளர் பெயரில் வரும் அறிவிப்பாகத்தான் வெளியே தெரியும். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தற்காலிகமாக நீக்கப்பட்டபோது பொதுச்செயலாளர் நெடுஞ்செழியன். பின்னாளில் நீக்கியவரே நீக்கப்பட்டவரின் அமைச்சரவையில் போய் உட்கார்ந்த கதையை மேலே பார்த்தோம்.

அன்பழகன் பேனா எழுதிய அறிவிப்புகளிலேயே எனக்கு மிகவும் பிடித்த இரண்டைச் சொல்கிறேன். 2014 ஜனவரியில் மு.க. அழகிரி கட்சியிலிருந்து தற்காலிகமாக நீக்கப்படுகிறார் என்ற அறிவிப்பு. தலைவரின் சொந்த மகன்! தென் மாவட்டங்களே அதிர்ந்த செய்தி, கீழே பெயர் க. அன்பழகன். பிறகு 2018 ஆகஸ்ட் 28. கலைஞர் மறைந்து மூன்றே வாரம். பொதுக்குழுவில் மு.க. ஸ்டாலின் போட்டியின்றித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று அறிவித்தவரும் அவரே. அண்ணனை வெளியே அனுப்பிய அறிவிப்பும் தம்பியைத் தலைவராக்கிய அறிவிப்பும் ஒரே பெயரில். வயது அப்போது 95. ஸ்டாலின் அவரைப் பெரியப்பா என்று அழைப்பார். அப்பாவிடம் பாராட்டு வாங்குவதே கடினம், பெரியப்பாவிடம் வாங்குவது அதைவிடக் கடினம் என்று அவர் மறைவின்போது சொன்னார் ஸ்டாலின். திருத்தும்போது மதிப்பெண் போடக் கை வராத வாத்தியார்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோமே!

கல்வி அமைச்சராக இரண்டு முறை, 1989 முதல் 1991 வரையும் 1996 முதல் 2001 வரையும், இருந்தார். இதில் ஒரு வலி உண்டு. ஐந்தாம் வகுப்பு வரை பயிற்று மொழி தமிழ் அல்லது தாய்மொழி என்று 1999-ல் அரசாணை வந்தது. தமிழ் வாத்தியார் அமைச்சராகி, ஊரில் உள்ள எல்லாப் பள்ளிகளையும் தமிழுக்குக் கொண்டுவரப் போட்ட ஆணை. ஆங்கிலவழிப் பள்ளிகள் நீதிமன்றம் போயின. 2000-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. பிறகு 2006-ல் தமிழைக் கட்டாயப் பாடமாகக் கற்பிக்கும் சட்டம் வந்தது, அது நின்றது. ஆனால் பாடமாகத் தமிழ் என்பதும் பாடமே தமிழில் என்பதும் ஒன்றில்லை. என்னைக் கேட்டால், அவருடைய நீண்ட அரசியலில் பெரிய தோல்வி அந்த ரத்துதான், தேர்தல் தோல்விகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இனி பட்ஜெட் அறைக்குள்! கதவு பொதுவாகப் பூட்டியே இருக்கும், இன்றைக்கு மட்டும் திறந்துவிடுகிறேன்.

2006-ல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தபோது நிதித் துறை யாருக்கு என்று பொருளாதார நிபுணர்கள் ஊகித்துக்கொண்டிருந்திருப்பார்கள். கிடைத்தது 83 வயதுத் தமிழ் எம்.ஏ.வுக்கு. பட்ஜெட் என்பது அமைச்சர் ஒரு நாள் வந்து படித்துவிட்டுப் போகும் தாள் இல்லை. பல மாதங்களுக்கு முன்பே ஒவ்வொரு துறையும் தனக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்கு அனுப்பும். எல்லாத் துறையும் கூட்டிக் கேட்கும், நிதித் துறை குறைத்துக் கொடுக்கும். வணிகர்கள் வருவார்கள், விவசாயிகள் வருவார்கள், தொழிலதிபர்கள் வருவார்கள். வரியைக் குறை என்று ஒருவர், மானியத்தைக் கூட்டு என்று இன்னொருவர். அத்தனையும் கேட்டு முடித்தபின் உரை எழுதப்படும். அங்கேதான் வாத்தியாருக்கு வேலை. வருவாய்ப் பற்றாக்குறை, திருத்த மதிப்பீடு, மானியக் கோரிக்கை என்று கணக்கருக்கு மட்டும் புரியும் சொற்களைக் கடைசி வரிசை உறுப்பினருக்கும் காது வழியே இறக்க வேண்டும். மணிக்கணக்கில் நின்று படிக்க வேண்டும். படித்து முடித்தபின் பொது விவாதம், வெட்டுத் தீர்மானங்கள், பதிலுரை. பள்ளிக்கூட ஆண்டுத் தேர்வை ஆசிரியரே எழுதி, மாணவர்களே திருத்துகிற கூத்து அது!

அந்த ஆட்சியின் முதல் ஆண்டிலேயே கூட்டுறவு விவசாயக் கடன் ஏறக்குறைய 7,000 கோடி ரூபாய் தள்ளுபடி. பிறகு இலவச வண்ணத் தொலைக்காட்சி, கிலோ இரண்டு ரூபாய் அரிசி, 2008-ல் அது ஒரு ரூபாய். கோபாலபுரத்தில் அறிவிப்பு இனிக்கும், நிதித் துறையில் கணக்குப் புளிக்கும். இரண்டையும் ஒரே உரையில் நேர் செய்ய வேண்டியவர் இவர். பணம் எங்கிருந்து வரும் என்று எதிர்க்கட்சி கேட்டால் எழுந்து பதில் சொல்ல வேண்டியவரும் இவர்தான். சமூக நீதிக்குச் செலவிடுவது வீண் செலவு ஆகாது என்பது அவர் பேச்சுகளின் அடிச்சரடு. இலவசம் பற்றிய வாதத்தில் நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும், அதைக் கூச்சமில்லாமல் தர்க்கத்தோடு வாதாடிய நிதி அமைச்சர் அவர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

முன்பு சொன்ன வால் இப்போது முளைக்கிறது. 2010 மார்ச் 13, ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் புதிய தலைமைச் செயலக, சட்டமன்ற வளாகத்தைப் பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வைத்தார். வடிவமைத்தவர்கள் ஜெர்மன் கட்டடக் கலைஞர்கள். ஆனால் வேலை முழுதும் முடியவில்லை! மேலே இருக்க வேண்டிய குவிமாடம் தயாராகவில்லை. என்ன செய்வது? சினிமாவைக் கூப்பிட்டார்கள். கலை இயக்குநர் தோட்டா தரணி திறப்பு விழாவுக்காகத் தற்காலிகக் குவிமாடம் ஒன்று போட்டுக் கொடுத்தார். தமிழ்நாட்டில் சட்டமன்றத்துக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவை இதைவிடப் பளிச்சென்று யாரும் காட்டிவிட முடியாது. அடுத்த வாரம், மார்ச் 19, அந்தப் புது மண்டபத்தில் நிதிநிலை அறிக்கை. படித்தவர் 87 வயது அன்பழகன். சட்டமன்றம் கோட்டைக்குள் போன ஆண்டில் உள்ளே போனவர், அது கோட்டையை விட்டு வெளியே வந்தபோது புது மண்டபத்தின் முதல் பட்ஜெட்டைப் படித்தார்!

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 2011-ல் ஆட்சி மாறியது, சட்டமன்றம் மறுபடி கோட்டைக்கே திரும்பியது, புது வளாகம் பன்னோக்கு மருத்துவமனை ஆனது. அதே தேர்தலில் வில்லிவாக்கத்தில் அன்பழகன் தோற்றார். சட்டமன்றம் கோட்டைக்குத் திரும்பியது, அவர் திரும்பவில்லை.

ஆனாலும் ஆள் சும்மா இருக்கவில்லை. ஜெயலலிதாவின் சொத்துக் குவிப்பு வழக்கு சென்னையில் நடந்தால் நியாயமாக நடக்காது, ஜெயலலிதாவே முதல்வராக இருக்கிறார், சாட்சிகள் பிறழ்கிறார்கள் என்று முன்பே உச்ச நீதிமன்றம் போனவர் இவர். 2003 நவம்பரில் வழக்கு பெங்களூருக்கு மாற்றப்பட்டது. அந்த ஒரு மாற்றம்தான் 2014 செப்டம்பரில் பதவியில் இருந்த முதல்வர் ஒருவர் தண்டனை பெற்றுச் சிறை போன தீர்ப்புக்கு வழி திறந்தது. 2015-லும் அரசு வழக்கறிஞர் நியமனத்தை எதிர்த்து மறுபடி உச்ச நீதிமன்றம் போனார். வயது 92! நாமெல்லாம் ரேஷன் கார்டில் பெயர் திருத்தவே இன்னொரு முறை போக அலுத்துக்கொள்கிறோம். விளைவு என்ன தெரியுமா? நேர்மையான விசாரணை என்றால் என்ன என்று படிக்கும் சட்ட மாணவர்கள் இன்றும் அவர் பெயரிட்ட தீர்ப்பைப் புரட்டுகிறார்கள். தமிழ் வாத்தியார் சட்டக் கல்லூரியிலும் பாடமாகிவிட்டார்.

அவருக்கு முன்னும் பின்னும் கல்லூரியிலிருந்து கோட்டைக்குப் போனவர்கள் உண்டு. விழுப்புரம் அரசு கலைக் கல்லூரியில் பாடம் நடத்திய பொன்முடி 1989-ல் சட்டமன்றத்துக்கு வந்து அமைச்சரானார். சென்னை நியூ கல்லூரியிலிருந்து வந்த ஜவாஹிருல்லா சட்டமன்ற உறுப்பினர் ஆனார், திருச்சி ஜமால் முகமது கல்லூரியின் காதர் மொகிதீன் மக்களவை உறுப்பினர் ஆனார். இவர்கள் பெயருக்கு முன்னாலும் அந்தப் பட்டம் உண்டு. ஆனாலும் பெயரே சொல்லாமல் ‘பேராசிரியர் வந்துவிட்டாரா?’ என்று கேட்டால் கட்சிக்காரர்களுக்குப் புரிந்த ஆள் ஒருவர்தான்.

2020 மார்ச்சில், ஊரடங்குக்குச் சில நாள் முன்பு, கீழ்ப்பாக்கம் வீட்டிலிருந்து கிளம்பிய அவருடைய இறுதி ஊர்வலம் வேலங்காடு மயானத்துக்குப் போனது. அண்ணாவும் கலைஞரும் கடற்கரையில். இவர் ஊராரோடு ஊராராக. நந்தனத்தில் நிதித் துறைக் கட்டட வளாகத்துக்கு இன்று அவர் பெயர், அங்கே சிலையும் உண்டு. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் பள்ளிக் கல்வித் துறையின் வளாகத்துக்கும் அவர் பெயர். அரசுப் பள்ளிகளுக்கு வகுப்பறை கட்ட ஐந்து ஆண்டுகளுக்கு 7,000 கோடி ரூபாய்த் திட்டம் 2022-ல் அவர் பெயரில் அறிவிக்கப்பட்டது. கடன் தள்ளுபடித் தொகையும் அதே 7,000 கோடி என்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

கடைசியாக வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அன்பழகனின் அரசியல் பேச்சுகள் அச்சில் கிடைக்கின்றன, சட்டமன்ற உரைகள் அவைக் குறிப்பில் இருக்கின்றன. பச்சையப்பனில் பதின்மூன்று ஆண்டுகள் அவர் நடத்திய வகுப்புகள் மட்டும் கேட்டவர்கள் தலைக்குள்தான் இருக்கின்றன. 1950-களில் அங்கே படித்தவர்களுக்கு இப்போது எண்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு தாத்தா இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே கைப்பேசியில் பதிவு பொத்தானை அழுத்திவிட்டு எதிரே உட்காருங்கள். எந்தப் பாடம் நடத்தினார், வருகைப் பதிவு எடுப்பாரா, கடைசி பெஞ்சைக் கண்டுகொள்வாரா, மாலைக் கூட்டத்துக்குப் போக மணி அடிக்கும் முன்பே கிளம்பியதுண்டா, எல்லாவற்றையும் கேளுங்கள். கேட்டதை எழுதி அனுப்புங்கள்.